மலைக்காட்டில் ஆர்.வி. பழுதானால்: அறிகுறியைக் கொண்டு காரணம் தேடும் முறை

கொலராடோவின் சான் இசபெல் தேசியக் காட்டில், ட்வின் லேக்ஸ் ஏரிகளுக்குச் சற்று மேலே உள்ள மண்பாதைகளின் ஓரத்தில், ஒவ்வொரு கோடையிலும் எங்கள் டிரெய்லரை, அதாவது ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியை, நிறுத்தித் தங்குகிறோம். அங்கே மின் இணைப்பும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை, கழிவுநீர் இறக்கும் இடமும் இல்லை. அமெரிக்கத் தேசியக் காடுகளில் வண்டி நிறுத்த அனுமதியுள்ள பாதையோரங்களில் இப்படிக் கட்டணமின்றித் தங்கலாம். பெரும்பாலான காடுகளில் 14 நாள் வரம்பு உண்டு. எல்பர்ட் மலை ஏறுவதற்காக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே டென்வர் நகரில் ஒழுங்காக வேலை செய்த ஒவ்வொரு கருவியும் அங்கே ஒருமுறையாவது எங்களைக் கைவிட்டிருக்கிறது.

எங்கள் வண்டியையும் அக்கம்பக்கத்தில் தங்கியவர்களின் வண்டிகளையும் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெளிவானது. மலையில் பழுது பெரும்பாலும் கருவிக்குள் இருப்பதில்லை. பேட்டரியின் வோல்ட் குறைந்திருக்கும், வண்டி சாய்ந்து நின்றிருக்கும், காற்று அடர்த்தி குறைந்திருக்கும், அல்லது வரும் வழியில் பாதை குலுக்கியதில் ஏதாவது கழன்றிருக்கும். ஆகையால் கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும், எதையும் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் வோல்ட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரோடு, கொத்தனார் வைத்திருப்பது போன்ற சிறு ரசமட்டம், தெளிப்பானில் சோப்புத் தண்ணீர், தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, கம்பித் தூரிகை, உதிரி ஃப்யூஸ்கள் ஆகியவை இருந்தால் இந்தக் குறிப்பில் உள்ள எல்லாச் சோதனைகளையும் செய்துவிடலாம்.

## அறிகுறி: இரவில் ஹீட்டர் சூடு தரவில்லை

அந்த உயரத்தில் செப்டம்பர் இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போவது வழக்கம். இந்தப் பழுது எப்போதும் அதிகாலை இரண்டு மூன்று மணிக்குத்தான் தெரியவரும். அதற்கும் காரணம் உண்டு: பேட்டரி மிகவும் தளர்ந்திருக்கும் நேரம் அதுவே.

### விசிறியே சுழலவில்லை

அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சூடாக்கும் நிலையில் இருக்கிறதா, சொந்த பேட்டரியில் ஓடும் வகையானால் அந்தச் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அடுத்து ஃப்யூஸ் பலகையில் ஹீட்டருக்குரிய ஃப்யூஸைக் கழற்றி, கண்ணால் மட்டும் பார்க்காமல் மீட்டரால் சோதியுங்கள். சில ஹீட்டர்களின் முகப்பிலேயே தனி சுவிட்ச் ஒன்று இருக்கும். பொருள் இடித்து அது அணைந்திருப்பதை இருமுறை கண்டிருக்கிறேன். இவை மூன்றும் சரியாக இருந்து, ஹீட்டரின் மின்கம்பி முனையில் 12 வோல்ட் வந்தும் விசிறி சுழலாவிட்டால் மோட்டார் போய்விட்டது என்று பொருள். அது பட்டறை வேலை.

### விசிறி சுழல்கிறது, தீ பற்றவில்லை

பத்து முறை ஹீட்டர் பழுதானால் ஏழெட்டு முறை இந்த வடிவில்தான் வருகிறது. விசிறி சுழன்று சில விநாடிகள் கழித்து டிக் டிக் என்று பொறி பறக்கும் ஓசையும், அதன்பின் தீ பற்றும்போது எழும் மெல்லிய உறுமலும் கேட்க வேண்டும். எது கேட்கவில்லை என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

பொறியின் ஓசை கேட்டும் தீ பற்றவில்லையென்றால் வாயு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். சமையல் அடுப்பில் ஒரு பர்னரைப் பற்ற வையுங்கள். அது எரியாவிட்டால் சிலிண்டரைப் பாருங்கள். ஒரு குவளை வெந்நீரைச் சிலிண்டரின் மேல் ஊற்றிவிட்டு உள்ளங்கையை மேலிருந்து கீழாக நகர்த்தினால், திரவம் இருக்கும் மட்டத்தில் இரும்பு திடீரெனச் சில்லிடும். அந்தக் கோடு அடியை ஒட்டி இருந்தால் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் நிறைந்திருந்தும் அடுப்பு மங்கலாக எரிந்தால், வால்வை வேகமாகத் திறந்ததால் பாதுகாப்பு அடைப்பு விழுந்திருக்கலாம். எல்லாக் கருவிகளையும் அணைத்து, வால்வை முழுவதும் மூடி, சில நிமிடங்கள் பொறுத்து, மிக மெதுவாகத் திறந்தால் அது விடுபடும். சிலிண்டர் மாற்றிய பிறகு குழாயில் காற்று அடைத்திருக்கும். அடுப்பைச் சற்று நேரம் எரியவிட்டு அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு ஹீட்டரை இயக்குங்கள். ஹீட்டர் பொதுவாக மூன்று முறை முயன்றுவிட்டுத் தன்னைப் பூட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு சோதனைக்கும் முன் தெர்மோஸ்டாட்டை அணைத்துப் போட வேண்டும்.

விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருந்து பொறியின் ஓசையே கேட்கவில்லையென்றால், விசிறி போதிய வேகத்தில் சுழலவில்லை என்பதே முதல் ஐயம். ஹீட்டருக்குள் காற்றின் வீச்சை உணரும் சிறிய தகடு ஒன்று உண்டு; மெக்கானிக்குகள் அதைச் செயில் ஸ்விட்ச் என்பார்கள். காற்று அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் வாயு வால்வு திறக்கும். பேட்டரி 11 வோல்ட்டை நெருங்கிவிட்டால் விசிறி சுழல்வது போலத் தெரிந்தாலும் தகட்டைத் தள்ளும் வலு அதற்கு இருக்காது. அப்போது வண்டியின் எஞ்சினை இயக்கியோ ஜெனரேட்டரைப் போட்டோ வோல்ட்டை உயர்த்திப் பாருங்கள். ஹீட்டர் உடனே பற்றினால் பழுது ஹீட்டரில் இல்லை, கீழே பேட்டரிப் பகுதிக்குச் செல்லுங்கள். வோல்ட் நன்றாக இருந்தும் பற்றாவிட்டால் தகட்டில் நாய்முடியோ தூசியோ சிக்கியிருக்கலாம். காற்று உள்ளிழுக்கும் வலையைத் துடைத்து, அதன் முன் அடுக்கிய பைகளை நகர்த்துங்கள்.

அடுத்து வெளிப்புறப் புகைவாயைப் பாருங்கள். வாயுவில் கலக்கும் வாசனைப் பொருள் சில பூச்சிகளை ஈர்ப்பதால், குளவிகள் அதற்குள் மண்கூடு கட்டும். சிலந்திகள் வலை பின்னும். ஒரு ஜூன் மாதத்தில் எங்கள் புகைவாயிலிருந்து கட்டைவிரல் பருமனில் காய்ந்த மண்குழல்கள் நான்கை உதிர்த்தெடுத்தேன். ஒவ்வொன்றையும் உடைத்தபோது உள்ளே சுருண்ட சிலந்திகள் வரிசையாக அடுக்கியிருந்தன. வாயில் தெரிவதை நீக்கலாம். ஆழத்தில் இருப்பதைக் கம்பியால் குத்தினால் உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

இந்த இடத்தில் எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு கோடைகள் எங்கள் ஹீட்டர் இப்படியே படுத்தியது. பட்டறை ஒன்றில் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றினார்கள். அடுத்த பயணத்தின் முதல் இரவே மீண்டும் நின்றது. மூன்றாம் முறை நானே அளந்தபோது பேட்டரியில் 12.4 வோல்ட்டும், விசிறி ஓடும் நேரத்தில் ஹீட்டரின் முனையில் 10.9 வோல்ட்டும் இருந்தன. இடையில் ஒன்றரை வோல்ட் எங்கே போகிறது என்று கம்பியைத் தொடர்ந்து போனதில், பேட்டரியின் எதிர்மின்முனைக் கம்பியை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் ஒற்றைப் போல்ட் துருவேறிச் சூடாகிக்கொண்டிருப்பது கிடைத்தது. கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து இறுக்கியதும் ஹீட்டர் முதல் முயற்சியிலேயே பற்றியது. அதனால்தான் பேட்டரியில் ஒருமுறை, கருவியில் ஒருமுறை என்று கருவி ஓடும்போதே இரண்டு இடங்களில் அளக்கச் சொல்கிறேன். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் இணைப்புகளைச் சுத்தம் செய்யாமல் எந்த உதிரிப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

### பற்றிக்கொள்கிறது, சில நிமிடங்களில் அணைகிறது

அணைந்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகித் தன்னைத்தானே நிறுத்துகிறது. சூடான காற்று வெளிவரும் துவாரங்களில் பாதியைக் கம்பளம் அல்லது பெட்டி மூடியிருக்கும்; திறந்துவிட்டால் சரியாகும். துவாரங்கள் திறந்திருந்தும் தொடர்ந்தால் தீயை உணரும் முனையோ வாயு அழுத்தமோ பிசகியிருக்கிறது.

### எங்கே நிறுத்த வேண்டும்

புகைவாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும், உள்ளே எரிந்த வாடை வந்தாலும், பற்றும்போது பொட்டென்று வெடிப்பது போன்ற ஓசை எழுந்தாலும் ஹீட்டரை மறுபடி இயக்க வேண்டாம். ரெகுலேட்டரின் அழுத்தத்தைத் திருகிச் சரிசெய்வதும், எரியறையைப் பிரிப்பதும் உரிய அளவுமானி வைத்திருப்பவரின் வேலை. அந்த இரவைக் கம்பளிகளோடு கழித்துவிட்டுக் காலையில் ஊருக்குள் இறங்குங்கள். சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் ஒரே இரவில் குடும்பத்தையே கொன்றுவிடக் கூடியவை.

## அறிகுறி: காலையில் தலைவலி, குமட்டல்

இது வண்டியின் பழுது அல்லவே என்று தோன்றலாம். இந்தக் குறிப்பில் நான் மிகவும் அக்கறையோடு எழுதும் பகுதி இதுதான். 2,500 மீட்டருக்கு மேல் திடீரென வந்து தங்குகிறவர்களுக்கு உயர நோய் வருவது இயல்பு: தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை. எரிகருவிகளிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு நச்சும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைத்தான் தரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே வண்டிக்குள் தலைவலியோடு விழிக்கும் எவரும், வேறு என்று தெளிவாகும் வரை, அதை நச்சு வாயு என்றே கொள்ள வேண்டும்.

முதலில் எல்லோரையும், வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே கொண்டுவந்துவிட்டுக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். இரவில் எது எரிந்துகொண்டிருந்தது என்று நினைவுகூருங்கள். ஹீட்டர், அடுப்பு, பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் ஆகியவற்றோடு, ஹீட்டர் புகைவாயை அடைத்த பனியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலி இருந்தாலோ, வெளியே வந்ததும் தெளிந்து உள்ளே போனதும் திரும்பினாலோ நச்சு வாயு என்றே முடிவு செய்து 911 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். தெளிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. ஆக்சிஜனும் இரத்தப் பரிசோதனையும் தேவை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை இதற்கு நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை அதனால் பிரித்தறிய முடியாது; நச்சேறியவருக்கும் நல்ல எண்ணையே காட்டும்.

வண்டியிலுள்ள கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஏன் ஒலிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதன் பின்புறத்தில் தயாரித்த நாளோ காலாவதி நாளோ அச்சிட்டிருக்கும். உள்ளிருக்கும் உணர்வி சில ஆண்டுகளில் செத்துவிடும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் வரும் ஓசை ஒலிப்பான் உயிரோடு இருப்பதை மட்டுமே காட்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் மாற்ற வேண்டிய பொருள் இதுதான்.

எரிகருவி எதுவும் இயங்காத இரவு, ஒருவருக்கு மட்டும் தலைவலி, வெளியே வந்தும் அது மாறவில்லை, வந்து சேர்ந்தது நேற்றுத்தான் என்றால் உயர நோய் என்று கருதலாம். அன்று மலை ஏறக் கூடாது. தண்ணீரும் ஓய்வும் போதவில்லையென்றால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ அது உயிருக்கு ஆபத்தான கட்டம். உடனே இறங்கிக்கொண்டே உதவி கேளுங்கள். ட்வின் லேக்ஸிலிருந்து பலர் பழக்கத்தில் வடக்கே லெட்வில் ஊருக்கு வண்டியைத் திருப்புவார்கள். அந்த ஊர் சுமார் 3,100 மீட்டரில் இருக்கிறது. உயர நோயாளியைத் தெற்கே பியூனா விஸ்டா, சலைடா பக்கம் இறக்க வேண்டும். கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத பள்ளங்கள் அங்கே நிறைய உண்டு என்பதால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ அந்த வசதியுள்ள கைப்பேசியோ குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

## அறிகுறி: குளிர்பெட்டி குளிரவில்லை

முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வாயுவிலும் மின்சாரத்திலும் ஓடி ஓசையே எழுப்பாதது உறிஞ்சல் வகை. 12 வோல்ட்டில் மெல்ல முரலுவது கம்ப்ரெஸர் வகை. கம்ப்ரெஸர் வகை சாய்வையும் உயரத்தையும் பொருட்படுத்தாது. அது நின்றால் பேட்டரியைப் பாருங்கள், வேறொன்றும் தேட வேண்டாம்.

### உறிஞ்சல் வகை: தீ எரிகிறது, குளிர் இல்லை

உறைப்பெட்டியின் தரையில் ரசமட்டத்தை வையுங்கள். பக்கவாட்டில் 3 பாகைக்கும், முன்பின்னாக 6 பாகைக்கும் மேல் சாய்ந்திருந்தால் உள்ளே ஓடும் அம்மோனியாக் கரைசல் தேங்கிவிடும். கையேடுகளில் பொதுவாகக் காணும் வரம்பு இது. உங்கள் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டில் சமதளம் கிடைப்பது அரிது. ஓரிரவுதானே என்று சாய்வில் விட்டால் குளிர்ச் சுருளே நிரந்தரமாகக் கெட்டுவிடும், அதை மாற்றும் செலவு ஏறக்குறைய புதிய பெட்டியின் விலைக்கு அருகில் வந்து நிற்கும். சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து மட்டமாக்கி, அரைநாள் பொறுத்துப் பாருங்கள். உறிஞ்சல் பெட்டி குளிர்வதற்கு அவ்வளவு நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் முடிவுகட்ட வேண்டாம்.

### தீ பற்றுவதில்லை, அல்லது அடிக்கடி அணைகிறது

வாயுவில் ஓடினாலும் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 12 வோல்ட் வேண்டும், ஆகவே வோல்ட்டை அளங்கள். அடுத்து வெளிப்புறக் கதவைத் திறந்து பர்னரைப் பாருங்கள். அலையலையாக மேடுபள்ளமான மண்பாதையில் ஒரு மணி நேரம் குலுங்கி வந்தால், மேலே உள்ள புகைக்குழலிலிருந்து துருச் செதில்கள் உதிர்ந்து பர்னரின் மேல் விழும். நீலமாக நேராக நிற்க வேண்டிய தீ, மஞ்சளாகச் சோம்பி ஆடும். வாயுவை மூடி, பர்னர் ஆறிய பின் மென்மையான தூரிகையால் செதில்களைத் தட்டிவிட்டாலே பெரும்பாலும் போதும். வாயு வரும் நுண்துளையை ஊசியால் குத்தவே கூடாது. துளை இம்மியளவு பெரிதானாலும் தீயின் அளவு மாறிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மாலையில் அணைந்து அணைந்து எரிந்தால் உயரமே காரணமாக இருக்கலாம். சில தயாரிப்பாளர்கள் சுமார் 5,500 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேல், வாயுவில் குளிர்ச்சி குறையும் என்றும் தீ அணையலாம் என்றும் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்போது செய்யக்கூடியது, புறப்படும் முன் வீட்டு மின்சாரத்திலேயே முழுவதும் குளிரவைத்து, உறைந்த தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி வருவதுதான்.

பெட்டிக்குள் அம்மோனியா நெடி வந்தாலோ, பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ சுருள் கசிந்துவிட்டது. அணைத்து, கதவுகளைத் திறந்து வையுங்கள். மறுபடி இயக்க வேண்டாம்.

## அறிகுறி: பேட்டரி ஒரே இரவில் தீர்ந்துவிடுகிறது

எல்லாச் சுமைகளையும் துண்டித்து ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்த பின் ஈய பேட்டரியில் 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் நலிவு. முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனெனில் பல நேரங்களில் பழுதே இருக்காது. ஹீட்டரின் விசிறி 8 ஆம்பியர் எடுப்பதாகவும், பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடுவதாகவும் கொண்டால் 40 ஆம்பியர்-மணி ஆகிறது. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். விளக்கும் கைப்பேசிகளும் சேர்ந்தால் விடிவதற்குள் தீர்ந்துபோவது இயல்பே.

கணக்கு பொருந்தவில்லையென்றால் எளியதிலிருந்து தொடங்குங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் தேய்த்து இறுக்குங்கள். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும், இரவில் அணையுங்கள். சூரியத் தகடு இருப்பவர்கள் நண்பகலில் நிழலைப் பார்க்க வேண்டும்; ஒற்றைப் பைன் மரத்தின் கோடு போன்ற நிழல் தகட்டின் குறுக்கே விழுந்தால்கூட உற்பத்தி வெகுவாகச் சரியும். கூடாரம் போடுகிறவர்கள் போல மரநிழலில் நிறுத்த ஆசைப்படுகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியில் வேறொரு அறிகுறி உண்டு: வெயில் பளீரென்று அடித்தும் காலையில் சார்ஜ் ஏறாது. பேட்டரியின் உடல் பூச்சியம் செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அதன் காப்புச் சுற்று சார்ஜை மறித்துவிடும். அது பழுது அல்ல, பேட்டரியைக் காப்பாற்றும் ஏற்பாடு. வெப்பம் ஏறியதும் தானே திறக்கும். அந்த மறிப்பைத் தாண்டிச் செலுத்த முயலாதீர்கள். முழுதாக ஏறிய ஈய பேட்டரி, சுமையில்லாமல் ஓரிரவு வைத்தாலே 12.2-க்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பேட்டரி உப்பியிருந்தாலோ அழுகிய முட்டை வாடை அடித்தாலோ தொடாமல் துண்டித்துவிட்டு ஆளை அழையுங்கள்.

## அறிகுறி: வாயு எச்சரிக்கை ஒலிக்கிறது

தரையை ஒட்டிப் பொருத்தியிருக்கும் கருவி புரொபேன் வாயுவுக்கானது, ஏனெனில் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. இடைவிட்டு ஒற்றையாகக் கீச்சிட்டால் வோல்ட் குறைவு அல்லது கருவியின் ஆயுள் முடிவு. விடாமல் அலறினால் எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் எல்லோரும் வெளியேறி, சிலிண்டர் வால்வை மூடி, கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். கூந்தல் தெளிப்பானும் சில துப்புரவுத் திரவங்களும்கூட அதை அலற வைக்கும், ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து உள்ளேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. காற்று மாறிய பின் வெளியிலுள்ள இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சிலிண்டர் முனையில் நுரை எழுந்தால் இறுக்கிப் பார்க்கலாம். வேறெங்கே எழுந்தாலும், அல்லது கசிவு கண்ணில் படாமல் எச்சரிக்கை மட்டும் திரும்பினாலும், வாயுவை மூடியே வைத்து வல்லுநரிடம் கொண்டுசெல்லுங்கள்.

## அறிகுறி: தண்ணீர் பம்பு

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டி காலி, வடிகட்டியில் அடைப்பு, அல்லது வடிகட்டியின் கிண்ணம் குலுக்கலில் தளர்ந்து காற்றை இழுக்கிறது, பெரும்பாலும் மூன்றாவதுதான். குளிர்காலத்துக்காக உறைதடுப்புத் திரவம் இழுக்கும் வால்வைத் திருப்பிவைத்து மறந்திருப்பதும் உண்டு. யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு அவ்வப்போது ஒரு கணம் துடித்தால் எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்பின் தடுப்பு வால்வு பிடிக்கவில்லை. கழுவுதொட்டியின் அடி, கழிப்பறையின் பின்புறம், தண்ணீர் சூடாக்கியைச் சுற்றிய இடம் என்று காகிதத் துண்டால் ஒற்றி ஒற்றித் தேடுங்கள். உறைபனி இரவுக்கு மறுநாள் தொடங்கியதானால் குழாய் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். பம்பை அணைத்துவிட்டுக் குடத்துத் தண்ணீரில் சமாளியுங்கள்.

## அறிகுறி: ஜெனரேட்டர் திணறுகிறது

பெட்ரோல் ஜெனரேட்டர் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3.5 விழுக்காடு வலு இழக்கும். 2,000 வாட் என்று எழுதியிருப்பது ட்வின் லேக்ஸில் 1,400 வாட்டை ஒட்டித்தான் தரும். மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டதும் நின்றால் அது பழுது அல்ல, சுமையைக் குறையுங்கள். தொடங்கியதுமே நின்றால் எண்ணெய் மட்டத்தையும் அது நிற்கும் சாய்வையும் பாருங்கள். வண்டியின் எரிபொருள் தொட்டியிலிருந்தே இழுக்கும் வகை, தொட்டி கால் பங்குக்குக் கீழே போனால் நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். கறும்புகை வந்தால் காற்றுக்கு மீறிய எரிபொருள் போகிறது. உயரத்துக்கேற்ற திருகு உங்கள் மாதிரியில் இருந்தால் கையேட்டின்படி திருப்புங்கள், இல்லாவிட்டால் கார்புரேட்டர் துளையை மாற்றுவது பட்டறை வேலை.

## அறிகுறி: சக்கரம் சேற்றில் சுழல்கிறது

ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடியோடு பெய்யும் மழை, காலையில் கல்லாக இருந்த பாதையை மாலையில் களியாக்கிவிடும். சக்கரம் சுழலத் தொடங்கிய கணமே மிதிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றும் பள்ளத்தை ஆழமாக்கும். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னும் பின்னும் சரிவு வெட்டி, பலகை கொடுத்து, இழுக்கும் வண்டியின் சக்கரக் காற்றைச் சற்று இறக்கி மெல்ல நகர்த்துங்கள். காற்றை மீண்டும் நிரப்பக் கருவி கையில் இல்லாமல் இறக்க வேண்டாம். அச்சு தரையில் தட்டிவிட்டாலோ டிரெய்லர் பக்கவாட்டில் சரியத் தொடங்கினாலோ மீட்பு வண்டியை அழையுங்கள். பல சாலை உதவித் திட்டங்கள் பராமரிப்பில்லாத காட்டுப் பாதைக்குள் வருவதில்லை. உங்கள் திட்டம் வருமா என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லையென்றால் பாதை காயும் வரை ஒரு நாள் காத்திருப்பதே எல்லாவற்றிலும் மலிவான வழி.

## அறிகுறி: இறக்கத்தில் கருகல் வாடை

ட்வின் லேக்ஸிலிருந்து மேற்கே ஆஸ்பென் செல்லும் 82-ஆம் எண் சாலை, 3,687 மீட்டர் உயரமுள்ள இண்டிபெண்டன்ஸ் கணவாயைக் கடக்கிறது. அங்கே 35 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை, டிரெய்லரைச் சேர்த்துத்தான் கணக்கு. வழிகாட்டும் செயலி அந்தச் சாலையைக் காட்டினாலும் டிரெய்லரோடு திரும்பாதீர்கள். வேறெந்த மலைச் சாலையில் இறங்கினாலும், கருகிய வாடை வந்தால் வசதியான ஓரத்தில் உடனே நிறுத்த வேண்டும்.

நிறுத்தியதும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கொதிக்கும் பிரேக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அகச்சிவப்பு வெப்பமானியால் டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர மையத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே அளவில் சூடாக இருந்தால் ஓட்டும் முறைதான் காரணம். அரைமணி நேரம் ஆறவிட்டு, ஏற்றத்துக்குப் போடும் அதே தாழ்ந்த கியரில், எஞ்சினின் பிடியிலேயே இறங்குங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதில் பிரேக் வேலை செய்யவில்லை, மற்றவை அதன் சுமையையும் தாங்கியிருக்கின்றன. டிரெய்லரின் மின்பிரேக்குக்குப் போகும் கம்பி கல்லடியில் அறுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே அமுங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. ஆறிய பின் மிதி மீண்டும் இறுகுவது போலத் தோன்றினாலும் அந்த வண்டியை அங்கிருந்து ஓட்டாமல், இழுவை வண்டியை அழைத்து இறக்குங்கள்.